பல்லில் கடித்த துண்டு

விளக்கெண்ணெய் தடவிய தோலின் வாசனை எங்கே வந்தாலும் என் கை இரண்டும் தானாக விரிந்துகொள்ளும். எண்பதைத் தாண்டிய கிழவன் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு வெறும் காற்றில் கையை விரித்தால் பக்கத்தில் இருப்பவர் என்ன நினைப்பார்? நினைத்துக்கொள்ளட்டும். யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு கோடையில், அயனம்பாக்கம் ஏரி வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தபோது, அதன் நடுவில் இரண்டு சவுக்குக் கழிகளை நட்டு, அவற்றுக்கு இடையே என்னை நிற்க வைத்தார்கள். அன்றைக்கு மூக்கில் ஏறிய வாசனை அது.

நிற்க வைத்தவர் டிரில் மாஸ்டர். பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை, கரையான்சாவடியில் வீடு. சாயங்காலமானால் சைக்கிளில் விளக்கெண்ணெய் பூசிய தோல் பந்தைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்துவிடுவார். கோபம் வந்தால் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வருவாரே தவிர, யாரையும் அடித்ததில்லை; அந்தக் காலத்து வாத்தியார்களில் இது எங்களுக்குப் பெரிய அதிசயம். ஒருவன் நன்றாக ஆடினால் அவன் வீட்டுக்கே போய், அவன் காதில் விழும்படி பெற்றவர்களிடம் சொல்வார். ஆட்டத்தில் செய்த பிசகை மட்டும் மறுநாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போது அவனிடம் தனியாகச் சொல்வார். ஊர்த் தெருவானாலும் சேரியானாலும் சைக்கிளை விட்டு இறங்கித்தான் நடப்பார்.

இத்தனை பக்குவம் தெரிந்த மனிதர் என் விஷயத்தில் கோட்டை விட்டார். என்னைக் 'கோலி'யாக, அதாவது கோல் காப்பவனாக, நிறுத்தியதை என் நைனாவிடம் சொல்ல மறந்துவிட்டார்.

நைனாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சின்ன வயதில் வந்த ஜுரத்தில் கால் துவண்டு வெகு நாள் நடக்காமல் கிடந்தவன் நான். பிறகு கால் தேறி ஓட்டமும் வந்துவிட்டது. தெருப் பையன்கள் வைத்த 'நொண்டி' என்கிற பெயர் மட்டும் போகவில்லை. அந்தப் பெயரைச் சொன்ன பெரியவர்களோடு நைனா கட்டிப் புரண்டு சண்டை போட்டிருக்கிறார். அப்படிப்பட்டவர் ஒருநாள் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஏரிக்கரை மேல் வந்து கீழே பார்த்தார். பந்தாட்டம் என்றால் ஓடுவது என்பதுதான் அவருக்குத் தெரியும். எல்லாப் பிள்ளைகளும் ஓடிக்கொண்டிருக்க, அவர் பிள்ளை மட்டும் இரண்டு கழிகளுக்கு நடுவே சும்மா நின்றுகொண்டிருந்தான்.

மாடுகளை அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்தார். "இன்னா வாத்தியாரே, எல்லாரும் ஓடிக்கினு கீறானுங்க, எம்புள்ள மட்டும் சோளக்கொல்ல பொம்ம மாரி நின்னுக்கினு கீறான்? ஓட முடியாதவன்னு ஊருக்கே காட்றியா?" என்றார். மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரையேறிவிட்டார். மாங்காட்டுப் பையன்களோடு ஆட்டம் வைத்திருந்த சமயம். இனிமேல் ஏரிப் பக்கம் போனால் காலை உடைப்பேன் என்றார். தேறின காலை அவரே உடைப்பதா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இரவெல்லாம் அழுதேன்.

மறுநாள் நாங்கள் குத்தகைக்கு எடுத்திருந்த மாந்தோப்பில் காய் பறிப்பு. அண்ணன் மரத்தின் மேலிருந்து பறித்துப் போடுவான். தரையில் விழுந்தால் காய் அடிபட்டுக் கன்றிப்போகும் என்பதால், கீழே நின்று ஒவ்வொன்றாகக் கையில் ஏந்திப் பிடிப்பது என் வேலை. வேலி ஓரம் சைக்கிள் மணி கேட்டது. மாஸ்டர் உள்ளே வந்தார். எங்கள் அணிப் பையன்கள் வேலிக்கு வெளியே நின்றுகொண்டார்கள். அவர் என் பக்கத்தில் நின்று தானும் கையை ஏந்தினார். முதல் காய் விரலிடுக்கில் நழுவியது. அடுத்தது அவர் தோளிலேயே விழுந்தது. காய்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்த நைனா எவ்வளவோ அடக்கிப் பார்த்தும் சிரிப்பு வந்துவிட்டது.

"வுடு வாத்தியாரே, காயெல்லாம் பாழாப்பூடும். இந்த வேலைக்கு அவன் கைதான் சரி."

"அந்தக் கையப் பாத்துதான் அண்ணாத்தே நிக்க வச்சேன்" என்றார் மாஸ்டர். "பத்து பேரு ஓடலாம். பந்தக் கையால தொடற உரிம ஒருத்தனுக்குத்தான் கீது. அவன் வுட்டா எல்லாரும் தோத்தோம். இத மொதல்லயே ஒன்னாண்ட வந்து சொல்லிட்டு நிக்க வச்சிருக்கணும். சொல்லாதது என் தப்புதான், மன்னிச்சுக்கோ."

ஒரு வாத்தியார், தம் மாணவர்கள் பார்க்க, கோவணத்தோடு நின்ற ஒரு குடியானவரிடம் மன்னிப்புக் கேட்டதை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. நைனா நல்ல காயாகப் பொறுக்கி மாஸ்டரின் துண்டில் கட்டிக் கொடுத்தார். பிறகு, "ஆட்டத்துக்கு நானும் வருவேன்" என்றார்.

வந்தார். வந்ததுதான் வினையாகிவிட்டது. மாங்காட்டுக்காரர்கள் பந்தோடு வரும்போதெல்லாம் கரையிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கத்தினார். ஒரு தடவை அந்தக் குரலுக்கு நான் திரும்பினேன். பந்து என் காதை உரசிக்கொண்டு உள்ளே போய்விட்டது. பாதி ஆட்டத்தில் மாஸ்டர் என்னிடம் வந்தார்; திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். தண்ணீர்ச் செம்பைக் கையில் கொடுத்துவிட்டு நேராகக் கரையேறிப் போனார். அங்கே அவர் சொன்னதை நைனா சாகும்வரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒம்புள்ள நல்ல புள்ள அண்ணாத்தே. நீ கூப்ட்டா திரும்பாம இருக்கமாட்டான். அதனாலதான் சொல்றேன், கூப்டாத."

அதற்குப் பிறகு கரையிலிருந்து சத்தமே இல்லை. போய்விட்டாரோ என்று பந்து தூரத்தில் இருந்த சமயம் பார்த்தேன். அங்கேயேதான் நின்றிருந்தார். தோள் துண்டின் முனையை வாய்க்குள் திணித்துப் பல்லால் இறுகக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க நின்றிருந்தார். அந்தப் பாதியில் நான் ஒன்றையும் விடவில்லை. ஆட்டம் என்னவோ தோல்விதான், காதை உரசிப் போன அந்த ஒரு கோலில். ஆனால் வழியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் நைனா, "எம்புள்ளதான் கோலி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் என்னை யாரும் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

இன்று ஏரிக்கரையை ஒட்டி வீடுகள் வந்துவிட்டன. மாந்தோப்பு இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. கோடையில் வற்றும் ஏரிக்குள் இறங்கிப் பந்தாடும் பிள்ளைகளைக் காணோம். சீருடை போட்டுக்கொண்டு, வேலி போட்ட மைதானத்தில் ஆடுகிறார்கள். போன மாதம் அம்பத்தூரில் அப்படி ஒரு மைதானத்துக்கு என் பேத்தியின் ஆட்டத்தைப் பார்க்கப் போயிருந்தேன். அவளும் கோலிதான். பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு பிள்ளையைத் தனியாக அழைத்துப் போய் முட்டி போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்து மனம் குளிர்ந்துபோனது. என் மகன்தான் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். எதிரணி பந்தோடு வந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் என் தோள் துண்டின் முனையை அவன் முன்னால் நீட்டினேன். தன் தாத்தாவின் கதையைக் கேட்டு வளர்ந்தவன் அல்லவா. வாங்கிக் கடித்துக்கொண்டான்.

அவள் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. பந்து அவள் கையில் இருந்தது.