ஞானத்தந்தையின் மலச்சிக்கல்

“ஏய் நாதா, மூலம் எப்படி இருக்கு? இன்னும் காரச் சம்பல அள்ளி அடிக்கிறியா?”

டத்தோ கிராமாட் சாலையில் தன் வீட்டுக் கேட்டைப் பிடித்தபடி, தெருவுக்கே கேட்கும்படி ரேமண்ட் விசாரித்தார். பாவம் நாதன், மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு பறந்துவிட்டார். பட்டர்வொர்த் ஃபெரித் துறையில் கார்களை அதட்டி வரிசைப்படுத்திய தொண்டை, ஓய்வுபெற்ற பிறகும் இறங்கவில்லை. அக்கம்பக்கத்தார் வாயுவும் வயிறும் அவருக்கு அத்துப்படி. மனுஷனுக்குக் கூச்சநாச்சமே கிடையாது. தன் வயிறு என்றால் மட்டும் வாயில் பூட்டு.

முதுகெலும்பில் புற்றுநோய் இறங்கியதிலிருந்து மார்ஃபின் குடிக்கிறார். அது வலியை அமுக்கியது. கூடவே வயிற்றையும் கட்டிப்போடக்கூடியது. அதைத் தடுக்கவென்றே கொடுத்த சிரப்பை, “அடைச்சாதானே வேணும், இப்ப எதுக்குலா?” என்று அலமாரியில் ஏற்றிவிட்டார். அடைத்தது. உடனே பழியை மார்ஃபின் மேல் போட்டு, அதைப் பாதியாகக் குறைத்தார். வலி சும்மா இருக்குமா? தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தார், பாவி மனுஷன்.

வாராவாரம் வீடு வந்து பார்க்கும் நர்ஸ் ஸ்டெஃபனி, அவர் ஞானஸ்நானத்தில் கையில் ஏந்திய ஞானமகள். அவளிடம் போய்க் கக்கூஸ் கதை பேசுவதா? “வயிறு ஒழுங்கா போகுதா அங்கிள்?” என்று அவள் கேட்கும்போதெல்லாம் “ஆண்டவர் புண்ணியத்துல டெய்லி” என்பார். அவளும் நம்பினாள்.

நேற்றும் அவள் வந்து கேட்க, அவர் அதையே சொல்ல, மனைவி அமலம்மாளுக்குப் பொறுக்கவில்லை. அடுப்படியிலிருந்து கத்தினார்: “அத்தனையும் பொய்யி! இந்த வாரம் பூரா ஒண்ணும் போகல. மார்ஃபினும் பாதிதான். வலி தாங்காம அழுவுறாரு, ஸ்டெஃபனி!”

ரேமண்டின் முகம் செத்துவிட்டது. ஸ்டெஃபனிக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“நாதன் அங்கிள் மூலத்த ஊருக்கே அனௌன்ஸ் பண்றீங்க. என்கிட்ட சொல்ல மட்டும் மாலுவா, வெக்கமா? வெக்கப்பட்டு வெக்கப்பட்டு வலியில சாவணுமா?”

வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். டாக்டரிடம் போனில் கேட்டு, அடைப்பை இளக்க மருந்து கொடுத்தாள். “தூக்கம், குமட்டல்லாம் போகப்போக பழகிடும் அங்கிள். இந்த அடைப்பு மட்டும் பழகாது. மார்ஃபின் குடிக்கிற வரைக்கும் சிரப்பும் தினம் குடிக்கணும்.”

“வயிறு மட்டும் போகட்டும், மார்ஃபின முழுசா குடிக்கிறேன். மாதா மேல சத்தியம்லா.”

“போனதும் நீங்களே எனக்குச் சொல்லணும். ஆன்ட்டி சொல்லக்கூடாது.”

இன்று காலை கக்கூசுக்குள்ளிருந்தே ஸ்டெஃபனிக்குப் போன் போட்டார்.

“அம்மாடி…” தொண்டையைச் செருமினார். “அது வந்து…”

“சொல்லுங்க அங்கிள்!”

போனைக் கீழே தாழ்த்திப் பிடித்து, மறு கையால் ஃபிளஷை அழுத்தினார்.