கில்ட்டு ஆரம்

வசந்தாமணிக்குப் பொறாமைப்படத் தெரியாது என்றுதான் பரமத்தி வேலூரில் பேச்சு. கொழுந்தன் மதியழகனுக்குக் கல்யாணம் ஆகும்வரை அது நிஜமாகவும் இருந்தது. பத்தாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பத்துக்கு மூத்த மருமகளாக வந்தவள் அவள். விடிவதற்குள் வெற்றிலையை அடுக்கிக் கட்டி மண்டிக்கு அனுப்புவாள். படுத்த படுக்கையாகிவிட்ட மாமனாருக்கு முகம் சுளிக்காமல் எல்லாம் செய்து, நல்லபடியாக வழியனுப்பியும் வைத்தாள்.

அப்புறம் சேலத்திலிருந்து கயல்விழி வந்தாள். இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் டீச்சர். மாமியார் பாப்பாயி, தன் கழுத்தில் கிடந்த காசு ஆரத்தைக் கழற்றி மணமேடையிலேயே சின்ன மருமகளுக்குப் போட்டுவிட்டாள். மாமனாரின் மூத்திரத் துணியை அலசிய வசந்தாமணியின் கை, அட்சதை போடக்கூட மறந்து அப்படியே நின்றது.

அன்றிலிருந்து கயல்விழி எதைச் செய்தாலும் இவளுக்குக் கண்ணை உறுத்தியது. அவள் வார்த்தால் தோசைகூட மெல்லிசாக வந்தது. அவள் பேசினால் மாமியார் சிரித்தாள். இத்தனை வருஷத்தில் அந்தச் சிரிப்பை வசந்தாமணி பார்த்ததே இல்லை.

ஒருநாள் காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனபோது, கயல்விழி யாரோ தோழியிடம் போனில் பேசுவது காதில் விழுந்தது.

"அந்த ஆரத்தப் போட்டாலே ஒரே கில்ட்டியா இருக்குது ஜோதி. இத யார்கிட்டச் சொல்றது?"

வசந்தாமணி துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டு இறங்கினாள். கில்ட்டு. பித்தளைக்குத் தங்க முலாம் பூசி, சந்தையில் வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிற சரக்கு. இதற்கா இத்தனை நாள் வயிறெரிந்தோம்? அன்றைக்குச் சோறு ஒரு பிடி கூடுதலாகவே இறங்கியது.

அடுத்த வாரம் உறவில் ஒரு காதுகுத்து. மண்டபத்துப் பந்தியில் மாமியாரின் தங்கை சாலம்மாள் ஆரம்பித்தாள்.

"சின்னவ ஆரம் என்னமா மின்னுது பாரு."

"கில்ட்டு மின்னாம என்னங்க பண்ணும், சின்னத்தை?" என்றாள் வசந்தாமணி.

பாயசம் வருவதற்குள் பேச்சு பாப்பாயியின் இலைக்குப் போய்விட்டது. பாப்பாயி சாப்பிடாமலே எழுந்தாள்.

மண்டபத்தில் காலியாகக் கிடந்த மணப்பெண் அறைக்குள் கயல்விழி வசந்தாமணியின் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

"ஏனுங்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"நீதான சொன்ன? கில்ட்டியா இருக்குதுன்னு போன்ல."

கயல்விழி முதலில் சிரித்துவிட்டாள். சிரிப்பு முடிவதற்குள் கண் கலங்கியது.

"அது கில்ட்டு இல்லீங்க்கா, கில்ட்டி. தப்புப் பண்ணுன மாதிரி மனசு குத்தறது. உங்களுக்கு வரவேண்டிய ஆரம் இது. இதப் போட்டுட்டுத் திரியறனேன்னுதான் சொன்னேன்."

கொக்கியைக் கழற்றி ஆரத்தை நீட்டினாள். அவள் திட்டியிருந்தால் வசந்தாமணி தாங்கியிருப்பாள். தனக்காக வருத்தப்படுவதில்கூட இந்தச் சின்னவள் முந்திக்கொண்டாளே என்றுதான் எரிந்தது.

"ஆரத்தையுங் குடுத்துப்போட்டு, நல்லவங்கற பேரையும் நீயே வாங்கிக்கலாம்னு பாக்கறயா? போட்டுக்க புள்ள." நீட்டிய கையைத் தள்ளிவிட்டாள். "எனக்கு இப்ப உள்ளுக்குள்ள அரிச்சுத் திங்கற மாதிரி இருக்குது. இதுவும் கில்ட்டிதானா?"

"அது ரிமோர்ஸுங்க்கா. தப்புப் பண்ணுனமேன்னு உறுத்துனா கில்ட்டி. பண்ணுனத இல்லைன்னு ஆக்கிர முடியாதான்னு தவிச்சா ரிமோர்ஸ்."

"அழுவறப்பக்கூடப் பாடம் நடத்து."

வசந்தாமணி பந்திக்குத் திரும்பினாள். சாலம்மாளுக்கு எதிரே நின்று, நாலு இலைக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"சின்னத்தை, அது அசல் தங்கமுங்க. நாந்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன்."

சாலம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அப்பறம் ஏன் சாமி, மூத்த மருமக உனக்குப் போடல?"

கை கழுவும் இடத்தில் பாப்பாயி முதுகைக் காட்டி நின்றாள். அவள் சொல்லட்டும் என்று வசந்தாமணி காத்திருந்தாள். குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

"சின்னவளுக்குத்தான் எடுப்பா இருக்குதுங்க" என்று வசந்தாமணியே சொன்னாள். அது பொய்யில்லை என்பதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.