கூட்ஸ் வண்டி

குழுவில் அவருக்கு 'கூட்ஸ் வண்டி' என்று பெயர். வாசிக்க ஆரம்பித்தால் பெட்டி பெட்டியாக வந்துகொண்டே இருக்குமே தவிர, கடைசிப் பெட்டி கண்ணில் படாது. அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

முன்னால் இரண்டு கீபோர்டுகள், தோளில் வயலின். ராக் இசையிலேயே கொஞ்சம் மேதாவி ரகம் அவருடையது. புரோக்ரசிவ் ராக் என்பார்கள். ஒரு பாட்டு அரை மணி நேரம் ஓடும். நடுவழியில் தாளம் மாறிக்கொண்டே இருக்கும். எங்கே கைதட்டுவது என்று கேட்பவருக்குக் கடைசிவரை தெரியாது. கல்லூரி அரங்கு, நூலக மாடி, கார் ஷோரூம் திறப்பு விழா என்று வருஷக்கணக்கில் வாசித்தார்கள். கூட்டம் மெல்ல மெல்லக் கரைந்து, கடைசியில் சொந்தக்காரர்கள்தான் மிஞ்சினார்கள்.

"ஜனங்க இன்னும் இதுக்குத் தயாராகல" என்பார்.

மனைவி பல் டாக்டர். "என்கிட்ட வர்றவங்களும்தான் தயாரா வர்றதில்லை. அதுக்காக நான் அரை மணி நேரமா குடையறேன்?" என்பாள்.

ட்ரம்ஸ் வாசித்தது அவளுடைய தம்பி. ஒரு நாள் அவன் குழுவின் பாடகியையும் கூட்டிக்கொண்டு தனிக்குழு ஆரம்பித்துவிட்டான். அவர்கள் போட்ட மூன்று நிமிடப் பாட்டு சலூன், பஸ், ஜிம் என்று எங்கே போனாலும் காதில் விழுந்தது. அவர் அதை முதலில் கேட்டது மனைவியின் கிளினிக் வரவேற்பறையில். கேட்டதும் முகம் கறுத்துவிட்டது. அது அவருடைய மெட்டு! அரை மணி நேரப் பாட்டின் நடுவில், வயலினில் ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போகும் மெட்டு.

நேராக மச்சினனின் ஒத்திகை அறைக்குப் போய்க் கத்தினார். "என் மெட்டைத் திருடிட்டியேடா!"

"திருடல மாமா. நீங்க கீழே போட்டுட்டுப் போனதை எடுத்து வெச்சேன். அவ்வளவு நல்ல மெட்டு, அதை மறுபடியும் வாசிக்கத் தோணலையே உங்களுக்கு?"

"மறுபடியும் வாசிச்சா மனசுல நின்னுடும்டா!"

"அதான் மாமா பாட்டு."

பாட்டில் உங்கள் பெயரையும் போடுகிறேன், மேடையில் அந்த மெட்டை நீங்களே வாசியுங்கள் என்றான் மச்சினன். கொள்கைக்காரர் ஆயிற்றே, நாலு நாளாவது முறுக்கிக்கொள்வார் என்று எல்லாரும் நினைத்தார்கள். "முதல் கச்சேரி எங்கே?" என்றார்.

மேடையில் நாலு வரி மெட்டு முடியும். அவர் முடிக்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கூட்ஸ் வண்டியைக் கிளப்பிவிடுவார். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மேஜையில் உட்கார்ந்திருக்கும் பெண் அந்த நொடியே அவருடைய ஒலியைக் குறைத்துப் பூஜ்யத்தில் வைத்துவிடுவாள். காதில் மாட்டிய கருவியில் அவருக்கு மட்டும் எல்லாம் கேட்கும். பாடகிக்கு விழுகிற கைதட்டலுக்கு அவர் குனிந்து வணங்குவார். விஷயம் மனைவி உட்பட எல்லாருக்கும் தெரியும். சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

ஒரு நாள் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல். அவளுக்குப் பதிலாக வந்தவனிடம் யாரும் இந்த ஏற்பாட்டைச் சொல்லவில்லை. வண்டி அரங்கம் முழுக்க ஓடியது. வாசித்து முடித்து அவர் கண்ணைத் திறந்தபோது பாதி நாற்காலிகள் காலி.

ஒப்பனை அறையில் தலை தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தவரைத் தேடிக்கொண்டு அரங்கத்து கேன்டீன்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "சார், அது நீங்கதானா? இன்னைக்குக் காபி சொட்டு மிச்சமில்ல சார்! தினமும் வாசிங்க, கும்பிட்டுக் கேக்கறேன்!"

கச்சேரி அமைப்பாளர்களுக்கு இந்த யோசனை பிடித்துப்போயிற்று. இடைவேளைக்கு மணி அடிப்பதற்குப் பதிலாக அவரை வாசிக்கச் சொன்னார்கள்.

"எனக்குன்னு தனி நேரம் ஒதுக்கியிருக்காங்க. எவ்வளவு வேணும்னாலும் வாசிக்கலாமாம். அரங்கத்து லைட்டெல்லாம் போட்டுடறாங்க" என்று வீட்டில் வந்து சொன்னார்.

மனைவிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

அடுத்த கச்சேரிக்கு அவளும் போனாள். லைட்டு எரிந்தது, ஜனம் எழுந்தது, அவர் கண்ணை மூடி ஆரம்பித்தார். குறை சொல்ல முடியாது, பிரமாதமாக வாசித்தார். கொஞ்ச நேரம் அசையாமல் கேட்டாள். அப்புறம் கைப்பையை எடுத்துக்கொண்டு, வரிசை நீளுவதற்குள் காபி வாங்க எழுந்து போனாள்.