பளிச்சென்ற கரை

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஏரிக்கரையைக் கூட்டி வாருவது சீப்புக்காரரின் வேலை. இரும்புப் பல் வைத்த வாரியால் மணலைத் தலை சீவுகிற மாதிரி இழுத்து விடுவதால் வந்த பெயர். அன்று அவர் கூட்டவில்லை. சாமான்கள் வைக்கும் அறையில், வாரியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடிமணல் தெரியும் தண்ணீர், குப்பையில்லாத கரை. குளிக்க ஊரே இங்கேதான் வரும். சாலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஏரி. சேற்று நிறம், ஓரமெல்லாம் கோரை. அங்கே ஈ காக்கை எட்டிப் பார்க்காது. ஆனால் மாதாமாதம் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் போகும் பரிசோதனைக்காரர், "குளிக்கணும்னா அங்க போங்கய்யா. இங்க சாக்கடை கசியுது, கண்ணுக்குத் தெரியாது" என்றார். 'குளிக்காதீர்கள்' என்று பலகையும் நட்டார்கள். வந்தவர்கள் அதில் சட்டையை மாட்டிவிட்டு இறங்கினார்கள்.

போன மாதம் இங்கே குளித்த பேத்திக்குக் காதில் சீழ். மகள் ஐஸ்கிரீம் மேல் பழியைப் போட்டாள். "நீ கூட்டற இடம்ப்பா, எனக்குத் தெரியாதா?" என்று பெருமை வேறு.

பலகைக்கு மசியாதவர்கள் குப்பைக்காவது மசிவார்கள் என்றுதான் அன்று கையைக் கட்டிக்கொண்டார். நேற்றைய கூட்டம் விட்டுப்போன காகிதமும் எச்சில் தட்டும் கரையெல்லாம் கிடந்தன. முதலில் வந்த குடும்பம் முகம் சுளித்துத் திரும்பியது.

பேத்தியோடு வந்த மகள் திரும்பவில்லை. நேரே அறைக்கு வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"உடம்புக்கு என்னப்பா?"

"ஒண்ணுமில்லம்மா."

"சூப்பர்வைசர் பார்த்தா உன் சீட்டைக் கிழிச்சிடுவார். குடு இப்படி."

வாரியைப் பிடுங்கிக்கொண்டு போனாள். ஜன்னல் வழியே பார்த்தார். அதே கைவாகு, ஓரத்திலிருந்து உள்ளே இழுத்து, குவித்து, அள்ளி. சற்று நேரத்தில் கரை பளிச்சென்றது. வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

வேர்க்க விறுவிறுக்கத் திரும்பியவள் வாரியைச் சுவரில் சாத்தினாள். பையிலிருந்து பிள்ளையின் துண்டை எடுத்தாள்.

"பாப்பாவை இறக்காதம்மா. தண்ணி கெட்டுப் போயிருக்கு."

"இதுவா? அடியில கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாம்ப்பா."

"பக்கத்து ஏரிக்குப் போகலாம். நானும் வரேன்."

"அந்தச் சேத்துக்கா? உன் பேத்தி என்ன எருமையா?" சிரித்தாள்.

வெளியே பேத்தி, "அம்மா, வா" என்று கத்தினாள்.

"இன்னிக்கு ஒரு நாள் நான் சொல்றதைக் கேளேன்" என்றார்.

மகள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.