அக்கா மூச்சு ஊட்டிய பத்தொன்பது மணி நேரம்

அக்கா மறைந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நாளில் எங்கள் வீட்டுக்கு வந்து இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினருக்கும், கிடர்பூர், காளிகாட் நண்பர்களுக்கும் தம்பி எழுதுவது. அக்கா என்ன வேலை பார்த்தார் என்பது நம் சொந்தங்களில் பலருக்குக் கடைசிவரை சரியாகத் தெரியாது. "கல்கத்தாவுல நத்தைய அறுக்குற வேலையாம்" என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரித்ததை நானே கேட்டிருக்கிறேன். அந்த வேலையால்தான் நான் இன்று உயிரோடு இருந்து இதை எழுதுகிறேன். அதனால் ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா பிறந்தது தூத்துக்குடியில். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அவருக்குக் கல்கத்தாவுக்கு மாற்றலானபோது அக்காவுக்குப் பத்து வயது, எனக்கு நான்கு. கிடர்பூரில் குடியேறிய ஆறே மாதத்தில் அக்கா வங்காளம் பேசக் கற்றுக்கொண்டு, அம்மாவுக்குக் கடைகளில் மொழிபெயர்த்தார். அவர் பி.எஸ்ஸி. படிக்கும்போது அப்பா தவறினார். காலையில் கல்லூரி, மாலையில் மூன்று வீடுகளில் ட்யூஷன் என்று ஓடி, உடலியலில் எம்.எஸ்ஸி. முடித்து, ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

அங்கே அவர் செய்ததை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மழைக்காலத்தில் கல்கத்தாத் தோட்டங்களில் கைப்பிடி அளவுக்குப் பெரிய நத்தைகள் ஊரும். அவற்றின் மூளையில் உள்ள சில செல்கள் மிகப் பெரியவை. கண்ணாடிக் குழாயை நெருப்பில் காட்டி, மயிரிழையைவிட மெல்லிய முனையாக இழுத்து, அதை அந்தச் செல்லுக்குள் நுழைப்பார் அக்கா. பக்கத்தில் இருக்கும் கருவியின் திரையில் பச்சைக் கோடு ஒன்று ஓடும். செல்லில் மின்துடிப்பு எழும்போதெல்லாம் கோடு துள்ளும்.

ஒருநாள் என்னையும் கூட்டிப்போய்க் காட்டினார். "செல்லோட சுவர்ல குட்டிக் குட்டி வாசல் இருக்குல. சோடியத்துக்கு ஒரு வாசல், பொட்டாசியத்துக்கு ஒண்ணு, கால்சியத்துக்கு ஒண்ணு. சோடியம் வாசல் தொறந்தா கோடு மேல ஏறும். அது மூடி, பொட்டாசியம் வாசல் தொறந்தா கீழ எறங்கும். எந்தச் செல்லுல எந்த வாசல் எத்தனை இருக்கோ, அதுக்குத் தக்கன அதோட துடிப்பு இருக்கும். ஒண்ணு நிதானமா துடிக்கும், இன்னொண்ணு படபடன்னு துடிச்சிட்டுச் சும்மா கெடக்கும். நீ நெனைக்கது, பேசுதது எல்லாம் இதுதான்" என்றார்.

ஆய்வுக்கூடத்தின் குளிர்பெட்டியில் சிறு குப்பி ஒன்றைப் பூட்டி வைத்திருந்தார். சோடியம் வாசலை மட்டும் அடைக்கும் நஞ்சு அது. அதை ஊற்றியதும் சில செல்கள் அடங்கிவிடும். கால்சியத்தை நம்பியிருக்கும் செல்கள் துடித்துக்கொண்டே இருக்கும். எதற்கு எந்த வாசல் என்று பிரித்தறிய அக்கா அதைப் பயன்படுத்தினார். "எதுலருந்து எடுக்காங்க தெரியுமா? நம்ம ஊர்ப் பேத்தை மீன்லருந்து" என்றார். தூத்துக்குடியில் வலையில் பேத்தை விழுந்தால் தூக்கி எறிந்துவிடுவார்கள் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறோம். அதற்குமேல் நான் அதைப்பற்றி நினைக்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில், ஒரு மழைக்காலத்துச் செவ்வாய்க்கிழமை. நான் கிடர்பூர்த் துறைமுகக் கிடங்கு ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தேன். பிமல் என் பக்கத்து மேசைக்காரன், நெருங்கிய நண்பன். அன்று அவன் அம்மா விரதம் இருந்து காளிகாட் கோயிலுக்குப் போயிருந்தார். பிமலே சமைத்து, அலுவலகம் போகும் முன் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டான். தெருவில் வந்தவனிடம் தோலுரித்து, துண்டு போட்ட மீனாக வாங்கியிருந்தான். தலையும் இல்லை, தோலும் இல்லை. அது என்ன மீன் என்று எனக்குத் தெரியவில்லை. பிமலுக்குச் சினை பிடிக்கும். அதை முழுதும் அவனே எடுத்துக்கொண்டான். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

மேசைக்குப் போய் அரைமணி ஆகவில்லை. என் உதடு மரத்தது. பிமலிடம் சொன்னேன். "எனக்கும்தான். மிளகாய் கொஞ்சம் கூடிப்போச்சு" என்று சிரித்தான். பிறகு விரல் நுனிகள் மரத்தன. பேனா கையில் நிற்கவில்லை. பிமல் தண்ணீர் குடிக்க எழுந்தவன் படிக்கட்டில் மடங்கி உட்கார்ந்துவிட்டான். அங்கிருந்தவர்கள் எங்கள் இருவரையும் ஒரு லாரியில் ஏற்றினார்கள். வழியெல்லாம் நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "பிமல், பிமல்" என்று கூப்பிட்டுக்கொண்டே போனேன். அவன் மார்பு ஏறி இறங்குவது குறைந்து, நின்றுவிட்டது. எனக்கோ கையைத் தூக்கவும் வலுவில்லை.

ஆஸ்பத்திரியில் பிமல் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். நான் குழறிக் குழறி இரண்டு விஷயம் சொன்னேன்: மீன் சாப்பிட்டோம், அக்காவுக்குப் போன் செய்யுங்கள். நர்ஸ் ஒருவர் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டார். அதற்குப்பின் நாக்கும் அசையவில்லை. இமைகள் தாமாக மூடிக்கொண்டன. மூச்சு இழுக்க வேண்டும் என்று நினைக்கிறேன், மார்பு கேட்கவில்லை.

எல்லோரும் நினைப்பதுபோல நான் மயங்கிவிடவில்லை. எல்லாம் என் காதில் விழுந்துகொண்டிருந்தது. தொண்டையில் குழாய் இறங்குவதும், யாரோ ரப்பர்ப் பையை அழுத்துவதும், ஓர் இளம் டாக்டரின் குரலும் கேட்டன. அக்கா வந்து சேர்ந்தபோது மணி ஒன்று என்று பிறகு தெரிந்தது. அங்கே வங்காளத்தில் நடந்த பேச்சை என் நினைவிலிருந்து தமிழில் தருகிறேன்; தீதி என்றால் அக்கா.

"கண்மணி வெளிச்சத்துக்கு அசையல. கிள்ளினாலும் ஒண்ணும் இல்ல. இதயம் மட்டும் கொஞ்ச நேரம் ஓடும். மன்னிச்சிடுங்க தீதி" என்றார் டாக்டர்.

"பையை நிறுத்தாதீங்க" என்றார் அக்கா.

"மூளை போயிருச்சு தீதி."

"போகல. மீன் சாப்பிட்டதும் இப்படின்னா இது பட்கா மீன்தான்" என்றார் அக்கா. பேத்தைக்கு வங்காளத்தில் அந்தப் பெயர்; அதன் சினையில்தான் விஷம் அதிகம். "இந்த விஷம் நரம்போட சோடியம் வாசலை அடைக்குது. அதான் தசைக்குச் சேதி போகல, கண்மணியும் அசையல. இதயத்தோட வாசல் வேற மாதிரி, லேசுல அடைபடாது. மூளைக்குள்ள இந்த விஷம் அவ்வளவா நுழையாது. உள்ள செல் எல்லாம் துடிச்சிக்கிட்டுத்தான் இருக்கு. மூச்சு மட்டும் கொடுத்தா போதும். விஷம் தானா வெளியேறினதும் வாசல் திறந்துடும்."

"மாற்று மருந்து?"

"கிடையாது. மூச்சுதான்."

"எத்தனை நேரம்?"

"ஒரு நாள் ஆகலாம். என்கிட்ட குடுங்க, நான் அழுத்துறேன்."

டாக்டர் பையை அக்கா கையில் கொடுத்தார். பிறகு, "அப்ப இவருக்கு நாம பேசுறது கேக்குதா?" என்றார்.

"கேக்குது. பாத்துப் பேசுங்க."

அந்த வார்த்தையைக் கேட்டு உள்ளே நான் அழுதேன். கண்ணீர் வந்ததா என்று தெரியாது.

மாலைவரை அக்கா, அந்த டாக்டர், இரண்டு மருத்துவ மாணவர்கள் என்று மாறி மாறிப் பையை அழுத்தினார்கள். அம்மாவும் வந்து சேர்ந்தார். ஆறு மணிவாக்கில் அடுத்த அறையில் ஒரு முதியவருக்கு மூச்சு நின்றது. அந்தப் பிரிவில் இருந்தது ஒரே பை. முதியவரின் வீட்டாருக்கு அதைக் கேட்க வாயெழவில்லை. வாசலில் வந்து நின்றார்கள். இப்படி நடக்கலாம் என்று அக்கா மத்தியானமே நினைத்திருக்கிறார். ஆய்வுக்கூட உதவியாளர் ஹரிபதோ-தாவுக்கு, அதாவது ஹரிபதோ அண்ணனுக்கு, சொல்லி அனுப்பி, நாய்களுக்குச் சோதனையின்போது மூச்சு கொடுக்கும் மின்பம்பைக் கொண்டுவரச் செய்திருந்தார். அதைக் குழாயில் மாட்டிவிட்டு, பையைக் கொடுத்துவிட்டார்.

பம்பு அரைமணி ஓடியிருக்கும். மின்சாரம் போயிற்று. அந்த நாட்களில் கல்கத்தாவில் லோட் ஷெட்டிங் தினசரி வழக்கம். ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் ஆப்பரேஷன் அறைக்கு மட்டும்தான். பம்பின் சத்தம் நின்றது. என் மார்பு நின்றது. நானே மூச்சை இழுக்கப் பார்த்தேன். அந்த நிமிஷத்தின் பயத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

அக்கா பம்பைக் கழற்றிவிட்டு, குழாயில் வாய் வைத்து ஊதினார்.

"அம்மா, எண்ணுங்க. நாலு எண்ணுனதும் ஊதுவேன். அழாதீங்க, எண்ணுங்க."

அதுவரை தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த அம்மா எண்ணத் தொடங்கினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." அக்கா ஊதினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." இருட்டில் அம்மாவின் குரலும் அக்காவின் மூச்சும் மட்டும் கேட்டன. அக்காவுக்குத் தலை சுற்றியபோது ஹரிபதோ-தா ஊதினார். அந்த முதியவர் தேறி, பை திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது.

அன்றிரவு முழுக்கப் பை ஓயவில்லை. அம்மா ஒரு மூலையில் கண்ணயர்ந்திருந்த நேரம், அக்கா என் காதருகே குனிந்து, "ஏல, நான் படிச்சதத்தான் சொல்லுதேன். நத்தைல பாத்திருக்கேன். மனுசன்ல நான் பாத்ததில்லல. நான் சொன்னது தப்பா இருந்தா என்னய மன்னிச்சிரு" என்றார். பகலெல்லாம் அத்தனை பேரிடமும் உறுதியாகப் பேசிய அதே அக்கா. நான் கேட்டுக்கொண்டிருப்பேன் என்று தெரிந்துதான் சொன்னார். பதில் சொல்ல என் விரல் ஒன்றுகூட அசையவில்லை.

விடிந்ததும் ஹரிபதோ-தாவின் குரல்: "தீதிமணி! கால்! காலைப் பாருங்க!" என் கால் கட்டைவிரல் அசைந்திருக்கிறது. எட்டு மணிக்கு முதல் மூச்சை நானே இழுத்தேன். அக்கா பையை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் விரல்களை நீட்ட முடியவில்லை. அம்மா ஒவ்வொன்றாகப் பிடித்து நீவிவிட்டார்.

நான் நடக்கத் தொடங்கிய பிறகு என்னை அழைத்துக்கொண்டு பிமலின் அம்மாவைப் பார்க்கப் போனார் அக்கா. நான் வரவில்லை என்றேன். "நீ வந்துதான் ஆகணும்" என்றார். அந்த அம்மா எங்களுக்குத் தேநீர் வைத்தார். எனக்கு நடந்ததெல்லாம் அவர் காதுக்கு எட்டியிருந்தது. பிறகு அக்காவிடம், "என் பிள்ளைக்கும் கேட்டிருக்குமா அம்மா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். அக்கா, "கொஞ்ச நேரம் கேட்டிருக்கும் மாஷிமா. மூச்சு நின்ன பிறகு ஒண்ணு ரெண்டு நிமிஷம். அதுக்கப்புறம் நினைவு போயிருக்கும். அந்த நேரம் முழுக்க இவன் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கான்" என்றார்.

பிமலின் அம்மா என் பக்கம் திரும்பி, "எப்படிக் கூப்பிட்டே? கூப்பிடு" என்றார். கூப்பிட்டேன். அவர் தன் கையை என் வாயில் வைத்துப் பொத்திக்கொண்டு அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா, "லாரியில யாராவது ஊதியிருந்தா அவனும் இருந்திருப்பான். யாருக்கும் தெரியாம போச்சு" என்றார். அந்த வாரமே உட்கார்ந்து ஒரு பக்கக் குறிப்பு எழுதினார்: மீன் சாப்பிட்டு உதடு மரத்தால் என்ன செய்ய வேண்டும், மூச்சு நின்றால் எப்படி ஊத வேண்டும், எத்தனை நேரமானாலும் ஏன் நிறுத்தக் கூடாது. வங்காளத்திலும் இந்தியிலும் தமிழிலும் அச்சடித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் சந்தைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் எடுத்துப்போனார். சில வியாபாரிகள் தங்கள் பிழைப்பைக் கெடுப்பதாக ஏசினார்கள். ஒருவர் அவர் மேல் மீன் தண்ணீரை ஊற்றினார். அடுத்த ஞாயிறும் அதே சந்தைக்குப் போனார்.

சில ஆண்டுகள் கழித்து, முன்பின் தெரியாத ஒருவர் மனைவியோடும் சின்ன மகளோடும் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். அந்தக் குறிப்பைப் படித்திருந்த அண்டைவீட்டுக்காரர் ஒருவர், பேத்தை சாப்பிட்டு மூச்சு நின்ற அந்த மகளுக்கு ஆஸ்பத்திரி சேரும்வரை இரண்டு மணி நேரம் ஊதியிருக்கிறார். அக்கா அந்தச் சிறுமியிடம், "உனக்கு என்னவெல்லாம் கேட்டது?" என்று விசாரித்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சிரித்தே பதில் சொன்னார். இரண்டாண்டுக்கு முன் புற்றுநோய் வந்தது. நடக்க முடிந்தவரை ஆய்வுக்கூடம் போனார். நாற்பத்தைந்து வயது நிறையும் முன், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், அம்மா கஞ்சி எடுத்துவரப் போன நேரத்தில் அமைதியாகக் கண்மூடினார்.

அக்காவைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும், மாதக்கணக்கில் எங்கள் வீட்டுக்குச் சமைத்து அனுப்பிய அக்கம்பக்கத்தாருக்கும், ஊரிலிருந்து ரயிலேறி வந்து அம்மாவோடு தங்கிய சித்தி குடும்பத்தாருக்கும், அக்காவின் கருவிகளை இன்றும் துடைத்து வைத்திருக்கும் ஹரிபதோ-தாவுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது.

இந்த மலரின் கடைசிப் பக்கத்தில் அக்கா எழுதிய அந்தக் குறிப்பை அவர் எழுதியபடியே அச்சிட்டிருக்கிறோம். பின்பக்கம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. அந்தத் தாளைக் கிழித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டிவையுங்கள். மலர் கெட்டுப்போகுமே என்று தயங்க வேண்டாம்.