தண்ணீர் தள்ளாத பம்ப்

அணையின் நடுவில் எங்கள் மோட்டார் படகுக்குள் தண்ணீர் கணுக்கால் வரை ஏறிவிட்டது. மனைவிக்கு நீச்சல் தெரியாது. என் தோளை இறுகப் பற்றியிருந்தாள். கசிந்து சேரும் நீரை வெளியேற்ற வேண்டிய பம்ப் முனகியதே தவிர, ஒரு சொட்டும் தள்ளவில்லை.

"ஃபியூஸ் போயிருச்சுங்களா?" என்றேன்.

"போயிருந்தா சத்தமே வராதுங்ணா," என்றார் படகோட்டி. வெளிக்குழாயைக் கழற்றி ஊதினார். காற்று தடையின்றிப் போனது. "அடைப்பு அடியிலதானுங்க."

ஸ்விட்சை அணைத்து, எண்ணெய் மிதந்த நீருக்குள் கைவிட்டுப் பம்பைத் திருகி எடுத்தார். அதன் சின்ன விசிறியில் வெள்ளையும் சிவப்புமாய் நூல் சுற்றிக் கிடந்தது. அது எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியும். திருப்பூர்க்காரன் எதைத் துடைப்பதானாலும் பனியன் கம்பெனிக் கழிவு நூலான வேஸ்ட்டைத்தான் எடுப்பான். புறப்படும் முன் உதவுகிறேன் பேர்வழி என்று, கார் டிக்கியில் கிடந்த வேஸ்ட்டால் படகின் அடித்தளத்தைத் துடைத்து, ஒரு கொத்தை அங்கேயே மறந்திருந்தேன்.

"ஊட்ல ஒரு தொடப்பத்தத் தொடமாட்டீங்க. இங்க வந்துதான் தொடைக்கோணுமாக்கும்?" என்றாள் மனைவி.

படகோட்டி கத்தியால் நூலை அறுத்தார். அறுக்க அறுக்க வந்தது. நான் சாப்பாட்டு டப்பாவால் தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே வீசினேன். அள்ளியதைவிட அதிகம் ஏறியது.

பம்பைப் பொருத்தி ஸ்விட்சைப் போட்டார். இருமுறை இருமியது. பிறகு படகின் பக்கவாட்டில் தண்ணீர் பீய்ச்சியடித்தது.

"எறங்குதுங்க்கா, பயப்படாதீங்க," என்றார் மனைவியிடம்.

பலகை தெரியத் தொடங்கியது. "போதுமுங்ணா, விடுங்க," என்றார் என்னிடம். கரை வரும்வரை என் கை அள்ளுவதை நிறுத்தவில்லை.