குதிரையின் அடியில் ஒரு பிறை

கூடப் பிறந்தவன் கையே நம் அடையாளத்தைச் சுரண்டி எடுக்குமா? குதிரைக்காரியின் கதையை முதலில் கேட்டபோது இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் எழுத வேண்டியதாயிற்று.

தெருவில் எல்லோரும் அவளைக் குதிரைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளிடம் குதிரை எதுவும் கிடையாது. சதுரங்கக் குதிரைகள் செதுக்குகிறவள். ராஜா, மந்திரி, சிப்பாய் எல்லாவற்றையும் அவள் தம்பி கடைசல் இயந்திரத்தில் மடமடவென்று கடைந்து தள்ளிவிடுவான். குதிரை மட்டும் இயந்திரத்துக்கு மசியாது. பிடரி, காது, விடைத்த மூக்கு எல்லாம் உளியால்தான் வரும்.

"நீ ஒரு குதிரையோட மல்லுக்கட்டி முடிக்கறதுக்குள்ள நான் ஒரு படையையே இறக்கிடுவேன்" என்பான் தம்பி.

"உன் படைக்கு மூஞ்சி எங்கடா இருக்கு? எல்லாம் மொட்டைத் தலை" என்பாள் அவள்.

மரம் கப்பலில் வருவது. ஊதா மரம் என்பார்கள். கல் மாதிரி கெட்டி. காது ஒன்று செதுக்கி முடிப்பதற்குள் உளி மழுங்கிவிடும். வெட்டிய புதிதில் பார்த்தால் ஏமாந்துதான் போவோம், வெறும் அழுக்குப் பழுப்பு. காற்றும் வெளிச்சமும் படும்படி ஜன்னல் திட்டில் ஒரு வாரம்போல வைத்தால் மெல்ல மெல்ல ஊதா ஏறும். "வெட்கப்பட ஆரம்பிச்சிடுச்சு" என்று அவள் சிரிப்பாள்.

அடுப்படி மூலையில், கைகழுவும் தொட்டிமேல் ஒரு பலகையைப் போட்டுத்தான் அத்தனை வருஷமும் செதுக்கினாள். யாராவது கை கழுவ வந்தால் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு எழ வேண்டும். அந்தச் சமயத்தில்தான் ஊரின் பெரிய சதுரங்கக் கடை சொந்தமாகப் பட்டறை வைக்கப்போவதாகச் செய்தி வந்தது. ஒரே ஓர் ஆள்தான் வேண்டும். குதிரை நன்றாகச் செதுக்க வரவேண்டும்; மாதிரிக்கு இரண்டு குதிரைகள் கொண்டுவந்து காட்ட வேண்டும். ஜன்னலோரம் தனி மேசை உண்டு. அந்த மேசையை நினைத்தபடியே அவள் நடமாடினாள்.

"நான் கொண்டுபோய்க் கொடுக்கறேன்க்கா. நீ அங்க வந்து பேசத் தெரியாம முழிப்ப" என்றான் தம்பி.

அவளுக்கும் அது சரியாகவே பட்டது. ஊதாக் குதிரைகள் இரண்டின் அடியிலும் நகம் அளவுக்கு ஒரு பிறை வெட்டினாள். அவள் கையெழுத்து அதுதான். "இதைக் காட்டிச் சொல்லு, எங்க அக்கா வெட்டினதுன்னு."

"சொல்லாம இருப்பேனா?"

சில நாள் கழித்து புதுச் சட்டையோடு வந்து நின்றான்.

"எடுத்துட்டாங்கக்கா."

"நான் எப்பலேர்ந்து போகணும்?"

அவன் சட்டைப் பொத்தானைத் திருகினான். "என்னைத்தான் எடுத்திருக்காங்க. நீ எதுக்கு அலையணும்? வீட்லயே செதுக்கிக் கொடு, நான் கொண்டுபோறேன். இதே மாதிரி வேணுமாம்." குதிரைகளில் ஒன்றை மாதிரிக்கென்று பலகைமேல் வைத்தான்.

அவள் பழக்கத்தில் அதைத் தலைகீழாகத் திருப்பினாள். அடியில் பச்சைக் கம்பளித் துணி ஒட்டியிருந்தது.

"இது எதுக்குடா?"

"ஆடற பலகை கீறக் கூடாதில்ல."

துணியை அவளுக்குத் தெரியும். அவள் உளிப்பெட்டியின் அடியில் விரித்திருந்த துணி. அதன் ஒரு மூலையைக் காணோமென்று அந்த வாரம்தான் எலியைத் திட்டியிருந்தாள். நகத்தால் நெம்பினாள். உரிந்து வந்தது. குதிரை முழுக்க ஊதா. அடி மட்டும் அழுக்குப் பழுப்பு. நிறம் ஏறக்கூட நேரம் கொடுக்காமல் தேய்த்து மூடியிருந்தான். பிறை இருந்த இடம் வழவழவென்று இருந்தது.

"சுரண்டிட்டியாடா?"

"ஒரு ஆளைத்தான்க்கா எடுப்பாங்க. எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு. நீ ஒத்தைக் கட்டை."

அவளுக்குச் சத்தம் போட வரவில்லை. "கேட்டிருந்தா நானே சுரண்டிக் கொடுத்திருப்பேனேடா" என்றாள். உண்மையிலேயே கொடுத்திருப்பாளா என்று அவளுக்கே தெரியாது. ஆனால் அவன் கேட்கவில்லை. அவள் துணியையே வெட்டி, அவள் அடையாளத்தையே மூடியிருக்கிறான். அந்த வாரம் முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டும் இருக்கிறான்.

செதுக்காத கட்டை ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தாள். "அடுத்த குதிரைக்கு மூஞ்சி நீயே வை."

அவன் வைக்கவில்லை, வைக்கவும் தெரியாது. கை சுளுக்கு என்று கடையில் முதலில் சொல்லிப் பார்த்தானாம். இப்போது கடைக்குக் குதிரைகள் எங்கிருந்தோ அச்சில் வார்த்து வருகின்றன. அவன் அதே ஜன்னலோர மேசையில் சிப்பாய்கள் கடைகிறான். அவள் தொட்டிமேல் பலகையைப் போடுவதை நிறுத்திவிட்டாள்.

அந்த ஒரு குதிரை மட்டும் ஜன்னல் திட்டில் தலைகீழாக நிற்கிறது. பழுப்பெல்லாம் போய் அடியிலும் ஊதா ஏறிவிட்டது. மறுபடி ஒரு பிறை வெட்டலாமே என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். "வெட்டினா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆயிடும்" என்றாள்.

அதன் ஜோடி இன்னும் அந்தக் கடையின் கண்ணாடிப் பெட்டியில், தம்பியின் பெயர் எழுதிய அட்டைக்குப் பின்னால் நிற்கிறது. பார்க்கிறவர்கள், அது அவன் அக்கா செதுக்கியது என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லுங்கள். கேட்டவர் இன்னொருவரிடம் சொல்லட்டும். மரத்தில் இல்லாவிட்டாலும் வாய்வழியாகவாவது அந்தப் பிறை இருக்கட்டும்.